வகுப்பறையில் ஓடிய ஜீப்பு

எனக்கு வீடு போடியில், வேலை கேரளத்தில். கேட்கிறவர்களுக்கு ஏதோ தூரதேசம் போலத் தோன்றும். ஆனால் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் உட்கார்ந்தால், அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறி, போடிமெட்டில் எல்லையைக் கடந்து, பிரேயர் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே பள்ளிக்கூட வாசலில் இறங்கிவிடலாம். பல வருஷமாக அப்படித்தான் போய் வருகிறேன்.

எங்களுடையது சின்னப் பள்ளி. நான்காம் வகுப்பு வரைதான். தமிழ் வழியில் ஒரு பிரிவு, மலையாள வழியில் ஒரு பிரிவு. தமிழுக்கு நான், மலையாளத்துக்கு இன்னொரு டீச்சர், இருவருக்கும் மேலே ஹெட்மாஸ்டர். தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் குறையக் குறைய என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டு வந்தன. வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஆண்கள் மட்டும் வந்தார்கள். பிறகு குடும்பமாக வந்தார்கள். குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வரும்தானே.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பல பண்பாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பறையை எப்படி நடத்துவது என்பதுதான் பொருள். பிள்ளையின் வீட்டு மொழியை மதிக்க வேண்டும், அவர்கள் ஊர்ப் பாட்டையும் உணவையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். நல்ல விஷயங்கள்தான். வடக்கேயிருந்து வருகிற பிள்ளைகளை இந்தியில் வரவேற்றால் பயம் தெளியும் என்றும் சொன்னார்கள். மலையாள டீச்சருக்கு இந்தி கொஞ்சம் வரும். அவர் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் இந்தியில் நல்வரவு எழுதி, ஓரத்தில் பூ வரைந்து, வாசலில் மாட்டினார். எங்களுக்குள் ஒரு திருப்தி.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், நல்ல சாரல். பக்கத்துத் தோட்டத்து சூப்பர்வைசர் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் நிறுத்தினார். எல்லோரும் ஜார்க்கண்டு. எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"எதுலயாச்சும் போடுங்க சார். ரெண்டும் அதுகளுக்குத் தெரியாது," என்றார் சூப்பர்வைசர்.

பையன்கள் மலையாளப் பிரிவுக்குப் போனார்கள். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை என் வகுப்புக்கு வந்தாள். பெரிய காரணம் எதுவுமில்லை, என் வகுப்பில் இடம் இருந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. அவளைவிடப் பெரிய ஸ்வெட்டர், கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள். நான் அவளை ஜீப் டிரைவருடைய மகள் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் போய்வருகிற ஜீப்பை ஓட்டுகிறவர் அவர்தான். போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். அவர் மனைவியும் தோட்டத்தில் காய் எடுக்கிறவர். இரண்டு பேரும் இருட்டோடு கிளம்பிப் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். மகளை வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் கூடவே கூட்டிவந்து என் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாத பிள்ளை. ஜீப்பில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டே வந்து, பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஜீப்பு ஏறும்வரை பேசுவாள். பேசுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் புதுப் பிள்ளைக்கும் பேச்சு வரும் என்று கணக்குப் போட்டேன்.

வரவில்லை. ஒரு மாதம் ஒரு சொல்கூட வரவில்லை. சிலேட்டில் நான் எழுதியதை அச்சு அசலாக எழுதுவாள். 'அம்மா' என்று அழகாக எழுதுவாள், சொல்லச் சொன்னால் என் வாயையே பார்ப்பாள். மலையாள டீச்சர் இந்தியில் பேசிப் பார்த்தார், இந்திப் பாட்டு பாடிக் காட்டினார். பையன்களில் இரண்டு பேர் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீச்சரே, குட்டிக்குக் காது கேக்குமா?" என்று மலையாள டீச்சர் என்னிடம் மெல்லக் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் வராந்தாவில் டம்ளர் விழுந்தால் அவள்தான் முதலில் திரும்பிப் பார்ப்பாள்.

ஜூலையில் ஒரு நாள் சாப்பாட்டு நேரம். பயறும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குப் புரையேறி இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் வர, என் சேலையைப் பிடித்து இழுத்து, "தாக், தாக்" என்றாள். அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். யாரோ தாக்கிவிட்டார்கள் என்கிறாளோ என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். அதற்குள் டிரைவர் மகள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்துவிட்டாள்.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"தாகம்னு சொல்ல வந்தா டீச்சர். பாதியில நின்னுருச்சு."

அவள் சொன்ன காரணம் தப்பு. ஆனால் பாட்டில் போய்ச் சேர்ந்த இடம் சரி. மலையாள டீச்சர் என்னைப் பார்த்தார். தண்ணீருக்கு இந்தியில் பானி என்பது எனக்கே தெரியும். இந்தப் பிள்ளை தாக் என்கிறாள். அப்படியென்றால் இவள் வீட்டில் பேசுவது இந்தி இல்லை.

அன்று சாயங்காலம் நானும் மலையாள டீச்சரும் லயத்துக்கு நடந்தோம். அவளுடைய அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். தோட்டத்துப் பெண்களோடு வேலை செய்து செய்து அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. ஏலச்செடியின் காய், சரம், தட்டை, பிறகு வெரசா, நாளைக்கு லீவு, இந்த மாதிரி. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பதில் சொன்னார்.

"வீட்ல சந்தாலி பேச்சு. இந்தி அவுங்க அப்பாவுக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம். புள்ளைக்கு இல்ல."

"பையன்களுக்கு?"

"அவுங்க வேற ஊரு. வேற பேச்சு."

நாங்கள் ஜார்க்கண்டு என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தோம். அதற்குள்ளே இரண்டு மூன்று பேச்சு இருந்தது. எனக்கு அந்தச் சொற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. வகுப்பில் சந்தாலியும் பேசட்டும், நாங்களும் கற்றுக்கொள்கிறோம் என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"வேணாம் டீச்சர். சந்தாலி நான் சொல்லித் தர்றேன். நீ தமிழ் சொல்லு. கணக்கு சொல்லு." சொல்லிவிட்டு, அதட்டிவிட்டோமோ என்று பயந்தவர் போல, பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தார்.

 திரும்பி வரும்போது மலையாள டீச்சர், "அவர் சொன்னதும் நியாயம் அல்லே?" என்றார். பயிற்சி வகுப்பில் இதற்கு விடை இல்லை. பிள்ளையின் மொழியை மதிக்கச் சொன்னார்கள். அம்மா அதை வெளியே எடுக்காதே என்கிறார். அவர் மறைக்கச் சொல்வது வெட்கத்தினால் மட்டுமில்லை, அதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் எதற்கு என்று அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. கடையில் ஏமாறாமல் சாமான் வாங்க, ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்ல, பஸ்சில் பெயர்ப்பலகை படிக்க. அதற்குத் தமிழோ மலையாளமோ வேண்டும்.

விடையைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அந்த ஆகஸ்டில் மழை விடவேயில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போக வழியில்லாமல், டிரைவர் மகள் பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஜீப்பு விளையாட்டு ஆரம்பித்தாள். முன்பெஞ்சில் அவள் டிரைவர். மற்றவர்கள் கைநீட்டி நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று சொல்லி ஏற வேண்டும். வளைவு வரும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய வேண்டும். சத்தம் கேட்டு மலையாளப் பிரிவுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஒரு மலையாளப் பையன் டிரைவரானபோது, தன் ஜீப்பில் மலையாளத்தில் கேட்டால்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். எங்கள் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி மலையாளத்தில் கேட்டு ஏறினார்கள். அடுத்து தமிழ் டிரைவர் வந்ததும் மலையாளப் பிள்ளைகள் தமிழில் கேட்டார்கள்.

நானும் மலையாள டீச்சரும் கதவோரம் நின்று பார்த்தோம். மறுநாளிலிருந்து அதையே பாடமாக்கினோம். டிரைவருடைய பேச்சுதான் ஜீப்பின் பேச்சு. வாரத்தில் இரண்டு நாள், மதியம் முதல் பீரியடு, இரண்டு பிரிவும் சேர்ந்து.

சந்தாலிப் பிள்ளையை நாங்கள் யாரும் டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லவில்லை. அவள் அம்மா கேட்டுக்கொண்டது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் முறை வந்தது, அவளாகவே போய் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கைகாட்டினார்கள். இவள் நிறுத்தவில்லை. உர்ரென்று ஓட்டிக்கொண்டே இருந்தாள். டிரைவர் மகள்தான் குறுக்கே போய் நின்று, "தாக்" என்று கத்தினாள். அவளுக்குத் தெரிந்த சந்தாலி அந்த ஒரு சொல்தான். தண்ணீர் கேட்டு ஜீப்பை நிறுத்தினாள்.

ஜீப்பு நின்றது. பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒகாதெம் சாலாக் கானா?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஆனால் ஒரு டிரைவர் வண்டியை நிறுத்திக் கேட்கிற கேள்வி வேறென்னவாக இருக்கும்? "போடிக்கு," என்றாள் டிரைவர் மகள். அந்தப் பிள்ளை பின்பெஞ்சைக் காட்டி, "துடுப் மே" என்றாள். உட்காரு என்று அர்த்தம். பையன்களுக்கு அது படகுத் துடுப்பாகக் காதில் விழுந்தது. அன்றைக்கு முழுக்கத் துடுப்பு மே, துடுப்பு மே என்று சொல்லி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள். அவள் முன்சீட்டிலிருந்து திரும்பி ஒவ்வொருவரையும் அதட்டித் திருத்தினாள். தப்பாகச் சொன்னவனை இறக்கிவிட்டாள். இரண்டு மாதமாக வாய் திறக்காத பிள்ளை ஒரு வண்டி நிறைய ஆட்களை ஆண்டுகொண்டிருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தமிழ் வெள்ளமாக வந்தது என்று சொன்னால் பொய். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் கேட்கிற பயம் போய்விட்டது. தெரியாததைச் சுட்டிக்காட்டி, "இது?" என்று கேட்பாள். டிரைவர் மகள் சொல்லுவாள், பதிலுக்கு ஒரு சொல் வாங்கிக்கொள்வாள்.

ஓணம் லீவு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. ஜீப் டிரைவர் எழுந்து நின்றார். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"டீச்சரம்மாவக் குறை சொல்லல. என் மக வீட்டுக்கு வந்து புரியாத பாசையில பேசுது. என்னன்னு கேட்டா, பெஞ்சுல உக்காந்து ஜீப்பு ஓட்டுறோம்னு சொல்லுது. ஜீப்பு நான் ஓட்டுறேன், போதும். அது படிக்கட்டும். வாய்ப்பாடு ஏழுக்கு மேல தெரியல."

வாய்ப்பாடு தெரியாதது உண்மை. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். எல்லாப் பாடமும் நடக்கிறது, வாரத்துக்கு இரண்டு பீரியடுதான் இது என்று சொன்னேன். புதிய பிள்ளைகள் பேசப் பழகினால் மற்றப் பாடங்கள் எல்லோருக்கும் வேகமாக நடக்கும் என்றும் சொன்னேன். வேறு இரண்டு பேர் டிரைவர் பக்கம் தலையாட்டினார்கள். சந்தாலிப் பிள்ளையின் அம்மா கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பேச்சு எதைப் பற்றி என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் தலை குனிந்த விதத்திலேயே தெரிந்தது. டிரைவரும் அதைப் பார்த்தார். சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் எனக்கு எப்போதும்போல முன்சீட்டை வைத்திருந்தார்.  முந்தல் தாண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும் சொன்னார்.

"நானும் மலை மேலதான் படிச்சேன் டீச்சரம்மா. எங்க காலத்துல தமிழ் கிளாசு இல்ல. மலையாளத்துல கொண்டுபோய் உக்கார வச்சாங்க. அவுக சொல்றது ஒண்ணும் வெளங்காது. எனக்குன்னு யாரும் ஆட்டம் வச்சுச் சொல்லித் தரல."

"அதனாலதாண்ணே இப்ப சொல்லித் தர்றோம்," என்றேன்.

"அது சரி. ஆனா நான் அஞ்சாவதோட நின்னேன். இப்ப எம் மக மூணாவதுல நிக்கிறா. எனக்கு அவ சோலிதான் முதல்ல."

அவர் சொன்னதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை. வாய்ப்பாட்டைத் தினமும் ஜீப்பிலேயே நான் சொல்லித் தருகிறேன் என்றேன். மறுநாள் முதல் அந்தப் பிள்ளையின் தூக்கம் போயிற்று. எட்டாம் வாய்ப்பாடும் ஒன்பதாம் வாய்ப்பாடும் கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஏறின. காய் எடுக்கப் போகிற பெண்களும் கூடவே சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மலைப்பாதையில் மண் சரிந்து பாறை விழுந்துவிட்டது. மதியம் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்த டிரைவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அவர் மனைவி அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டது நானும் அவர் மகளும்தான். பாதை காலையில்தான் திறக்கும் என்று போலீஸ்காரர் சொன்னதாகத் தகவல் வந்தது. மலையாள டீச்சர் வீடு ராஜாக்காடு பக்கம். அவரும் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார். நான் டிரைவருக்கு போன் போட்டேன்.

"பயப்படாதீங்கண்ணே. பிள்ளை என்கூடத்தான் இருக்கு."

"எங்கன தங்குவீங்க டீச்சரம்மா? ஸ்கூல்ல குளுரு தாங்காதே."

அதற்குள் சந்தாலிப் பிள்ளையின் அம்மா குடையோடு வந்து நின்றார். சேதி தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. "வீட்டுக்கு வா டீச்சர்," என்றார். கூட்டத்தில் நடந்த பேச்சு அவருக்கு மறந்திருக்காது. ஆனாலும் டிரைவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஒற்றை அறைதான். அடுப்பில் விறகு எரிந்து கதகதவென்று இருந்தது. அந்த வீட்டு அப்பா எங்களுக்கு இடம் விட்டுப் பக்கத்து லயத்துக்குப் படுக்கப் போய்விட்டார். சோறும், உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் பிசைந்த ஒரு தொக்கும் வைத்தார்கள். டிரைவர் மகள் நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை வழித்துவிட்டு, பெருமையாக, "தாகா" என்று கேட்டாள்.

அந்த அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தார். இவள் திகைத்துப் போய் அதையும் தின்றாள். மறுபடி, "தாகா" என்றாள். மறுபடி சோறு விழுந்தது. மூன்றாம் தடவை கரண்டி வந்தபோது தட்டைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சந்தாலிப் பிள்ளை சிரித்து உருண்டாள். தாக் என்றால் தண்ணீர், தாகா என்றால் சோறு. தாகத்தை நினைவில் வைத்துக்கொண்டு இவள் சோற்றைக் கேட்டிருக்கிறாள். விஷயம் புரிந்ததும் அந்த அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தார். செம்பில் தண்ணீர் கொடுத்து, இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தாக்" என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்றவர், தன் வீட்டில் அன்றைக்கு அடுப்பையும் சட்டியையும் விறகையும் ஒவ்வொன்றாகக் காட்டி இவளுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரு ஓரமாகச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒருபக்கப் பாதையைத் திறந்ததும் முதல் வண்டியாக டிரைவர் வந்துவிட்டார். ராத்திரி தூங்காத முகம். லயத்து வாசலில் மகள் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து வறுத்த பொரி தின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, இரண்டு கையும் கூப்பி, "ஜோஹார்" என்றாள். வணக்கத்துக்கு அவர்கள் சொல் அது. உள்ளேயிருந்து அந்த அம்மாவும் கை கூப்பினார். டிரைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் தயங்கி, அவரும் கையைக் கூப்பினார்.

"ரொம்ப உபகாரம் தங்கச்சி," என்றார். அந்த அம்மாவுக்குத் தங்கச்சி என்ற சொல் தெரியும். தலையாட்டினார்.

இந்த இடத்தில் அவர் மனசு மாறிவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. அடுத்த ஜூனில் அவர் மகளைப் போடியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார். மனைவியின் தங்கை சிலமலைக்குக் குடிவந்திருந்ததால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது, வேனும் வாசலுக்கே வந்தது. என்னிடம் சொல்வதற்கு அவர் ரொம்பச் சங்கடப்பட்டார்.

"அன்னைக்கு அவுக செஞ்சத நான் மறக்கல டீச்சரம்மா. அது வேற. படிப்பு வேற."

"சரிண்ணே. நல்லாப் படிக்கட்டும்," என்றேன். மனசுக்குள் வருத்தம் இருந்தது. என் மகனும் போடியில் அதே மாதிரி ஒரு பள்ளியில்தான் படித்தான். அவரிடம் நான் என்ன பேச முடியும்?

சந்தாலிப் பிள்ளை ஒரு வாரம் பக்கத்து இடத்தில் பையை வைத்து யாரையும் உட்கார விடவில்லை. பிறகு வைத்த பையை எடுத்துவிட்டாள். நான்காம் வகுப்பில் அவள் தமிழ் வாசித்தாள். திக்கித் திக்கித்தான், ஆனால் புரிந்து வாசித்தாள். கணக்கில் வகுப்பில் முதல் வரிசை. அந்த வருஷம் கல்வித்துறை மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து எங்கள் முறையைப் பார்த்தார். ஜீப்பு விளையாட்டைப் பார்த்துச் சிரித்தார், பாராட்டினார். போகும்போது, "இதனால் பிள்ளைகளுக்கு என்ன முன்னேற்றம் என்று அளந்து காட்ட முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாசிப்பையும் கணக்கையும் காட்டினோம். தமிழ், மலையாளப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். இன்னொரு பாஷை கொஞ்சம் தெரிந்துகொண்டார்கள் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். எனக்கே அது போதாத பதிலாகத்தான் பட்டது.

கொஞ்ச நாள் கழித்து, வேறு பதில் ஒன்று ஜீப்பில் கிடைத்தது. வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி நின்றபோது டிரைவர் தானாகவே பேச்செடுத்தார். மகள் பள்ளியில் ஆண்டு விழாவாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு டான்சு. இவள் குழுவுக்கு ஜார்க்கண்டு மலைவாழ் மக்கள் என்று கொடுத்து, இலையைக் கட்டிக்கொண்டு முகத்தில் கரி பூசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம் மக முடியாதுன்னுருச்சு டீச்சரம்மா. அவுக அப்படி உடுத்த மாட்டாக, என் கூட்டாளியோட அம்மா சேலதான் கட்டுவாங்க, நான் அவங்க வீட்ல தூங்கிருக்கேன்னு மிஸ்ஸுகிட்டயே சொல்லிருச்சாம். என்னையக் கூப்பிட்டு விட்டாங்க."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

லாரி கடந்து போனது. அவர் கியர் போட்டார்.

"நான் என்ன சொல்ல? அது சொல்றது நெசந்தான், நானும் பாத்துருக்கேன்னேன். அந்த மிஸ்ஸும் நல்ல பொண்ணுதான். சின்ன வயசு. அப்படியா சார், எனக்குத் தெரியாதேன்னாங்க. கடைசில எல்லாப் பிள்ளைகளும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலைல ஆடுச்சுக. எம் மகதான் எப்படிக் கட்டணும்னு சொல்லிக் குடுத்துச்சு."

பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "பூவும் தலைல வச்சு விட்டேன்," என்றார்.

அன்றைக்கு வகுப்பில் எனக்கு வேலை ஓடவில்லை. மலையாள டீச்சரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மேலிடத்து சாரோட நம்பர் இருக்கா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

சந்தாலிப் பிள்ளை இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அங்கே தமிழ்ப் பிரிவு இல்லாததால் மலையாளத்தில் படிக்கிறாள். எங்களோடு இருந்த வருஷங்களில் காதில் விழுந்த மலையாளம் உதவியிருக்கிறது. கஷ்டம்தான், ஆனால் போகிறாள். அவள் அம்மாவைச் சந்தைநாளில் பார்ப்பேன். பாதித் தமிழ், பாதி மலையாளத்தில் விலை பேசிக்கொண்டிருப்பார். கடைக்காரரை நிறுத்தி வைத்துவிட்டு என்னிடம் நலம் விசாரிப்பார்.

எங்கள் வாசலில் இப்போது வரவேற்பு அட்டை இல்லை. ஈரத்தில் ஊறி விழுந்துவிட்டது, மறுபடி மாட்டவில்லை. அதற்குப் பதிலாக, பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை நானும் மலையாள டீச்சரும் லயம் லயமாக நடக்கிறோம். புதுக் குடும்பம் வந்திருந்தால் உட்கார்ந்து, பிள்ளை வீட்டில் என்ன பேசும், எதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறோம். இந்த ஜூனில் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு வீட்டுக்குப் போனோம். உப்புப் போட்ட டீ கொடுத்தார்கள். ஒரு பையன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எங்களைப் பார்த்தான். அவன் அப்பா அவனை வெளியே இழுக்கப் போனார். "இருக்கட்டும், நேரம் இருக்கு," என்றேன். மழை விட்டிருந்தது. டீயைக் குடித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.